எர்காஷ் அடைத்த ஓட்டை

கோழிக்காகப் புருஷனை விட்டுப் போனாள் என்று மவ்லூதாவைப் பேசுகிறவர்கள், ஒரே ஒரு முறை அந்தக் கோழிக்கூண்டுக்குள் தலையை நீட்டிவிட்டு வந்து பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரி நான் நீட்டினேன். இரண்டு நாள் கண் எரிந்தது. ரொட்டி சுடும் அடுப்படியில் எங்கள் தெருப்பெண் சலோமத் என்னிடம், "எர்காஷ் அண்ணன் குடிக்கிறதில்ல, கை நீட்டுறதில்ல, வேற என்ன பெரியம்மா வேணும் அவளுக்கு?" என்கிறாள். காற்று வேண்டும். வேறென்ன?

எர்காஷ் கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. நல்லவர்களிலேயே காற்று வரும் வழியை அடைப்பவர் என்று ஒரு சாதி உண்டு. அவர் அந்தச் சாதி.

உங்களுக்கும் இவரைத் தெரியும். தர்பூசணி வெடிக்கிற வெயிலில் பேருந்தில் ஏறி, முதல் காரியமாக நாலு ஜன்னலையும் இழுத்து மூடி, கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு, எதிரே மூச்சு முட்டிச் சாய்கிற பெண்ணைப் பார்த்து, "பாவம், காத்து பட்டிருக்கு" என்று இரக்கப்படுவாரே, அவர்தான். கல்யாண வீட்டில் சோறு வருவதற்குள் காற்று படாத மூலை தேடி மூன்று இடம் மாறி உட்காருகிறவரும் அவர்தான். பல்வலியா? காற்று பட்டது. இடுப்புப் பிடிப்பா? காற்று. மகன் பரீட்சையில் தோற்றானா? பள்ளிக்கூடத்தில் யாரோ அவனை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் பதினொரு கோழி கிடைத்தால் என்ன ஆகும்?

எங்கள் பள்ளத்தாக்குக் குளிரில் பனி பாதி, மழை பாதி. வாரக்கணக்கில் மூடுபனி பருத்திக்காட்டை விட்டு எழுந்திருக்காது. கோழி குளிருக்குச் சாகாது. அதற்குக் கடவுள் மெத்தையை உடம்போடு தைத்து அனுப்பியிருக்கிறார். அதைக் கொல்வது ஈரம். காலுக்கடியில் காய்ந்த வைக்கோல், மூலையில் புரள்வதற்குச் சாம்பல், கூரையடியில் அதன் மூச்சு வெளியே போக ஒரு சாண் திறப்பு. இவ்வளவுதான். மவ்லூதா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான் கோழி வளர்த்தாள். போன வருஷம் வரை எர்காஷ் சந்தையில் வேலையாக இருந்தார். இந்த வருஷம் வீட்டில் இருந்துவிட்டார்.

முதல் பனி விழுந்த அன்றே ஒரு மூட்டைப் பஞ்சோடு கூண்டுக்குள் புகுந்தார். விரிசல் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடைத்தார், மேல் திறப்பைப் பழைய மெத்தையால் மூடினார், பருத்திக்குச்சித் தணலை ஒரு வாளியில் போட்டு அதன் மேல் தண்ணீர்ச் சட்டியையும் ஏற்றினார். கோழிகளுக்கு வெந்நீர்க் குளியலறை தயார்.

"ஏங்க, மேலே ஒரு சாணாவது விடுங்க. கூரை வேர்த்துச் சொட்டுது பாருங்க."

"வேர்க்குதுன்னா என்ன? உள்ளே சூடா இருக்குன்னு அர்த்தம்."

"எல்லாம் இருமுதுங்க."

"இருமுதா? அப்போ இன்னும் எங்கேயோ காத்து வருது."

இந்தப் பேச்சுக்கு எந்தப் படித்தவர் பதில் சொல்வார்?

முதல் வாரம் இரண்டு செத்தன. அடுத்த வாரம் மூன்று. எர்காஷ் ஒவ்வொன்றுக்கும் மனசாரக் கண்ணீர் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த விரிசலைத் தேடினார். ராத்திரி தணல் அவிந்ததும் சேவலின் கொண்டை அந்த ஈரத்தில் உறைந்து நுனி கறுத்தது. மவ்லூதா ஆட்டுக்கொழுப்பைத் தடவிவிட்டாள். காலையில் அவள் மேல் திறப்பின் அடைப்பைப் பிடுங்குவாள், மத்தியானத் தொழுகை முடிந்து வந்து அவர் அடைப்பார். மெத்தை போய்ப் போர்வை, போர்வை போய் அவருடைய சொந்தக் காலுறை. வீட்டில் துணி தீர்ந்துகொண்டே வந்தது. கோழியும்தான்.

போன வெள்ளிக்கிழமை நாலு மிச்சம். மவ்லூதா ஏணி போட்டு ஏறித் திறப்பில் கைவிட்டு இழுத்தாள். கையோடு வந்தது அவளுடைய கல்யாணச் சால்வை. ஈரத்தில் ஊறி, எச்சம் அப்பி, கண்ணை எரிக்கிற நெடியோடு.

நான் வாசலில் நின்றிருந்தேன். அவள் ஏணியை விட்டு இறங்கினாள். மூன்று பெட்டைகளையும் சேவலையும் அந்தச் சால்வையிலேயே சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்கேடி போற?" என்றேன்.

"எங்க அக்கா வீட்டுக்கு, பெரியம்மா. அங்கே கூண்டுல ஓட்டை இருக்கு."

உள்ளே அடியில் தணல் வைத்த கணப்பு மேசையின் போர்வைக்குள் இடுப்புவரை புதைந்து உட்கார்ந்திருந்த எர்காஷ் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். முப்பது வருஷக் குடித்தனம், போகாதே என்று ஒரு சொல் சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"மவ்லூதா," என்றார். "போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ. காத்து வருது."

அவள் இரண்டு கதவையும் சுவரோடு சேர்த்துத் திறந்துவைத்துவிட்டுப் போனாள்.

இதைக் கேட்டதும், எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வரலாமா என்று உங்களுக்குக் கை பரபரக்கிறதா? அப்படியென்றால் உங்கள் வீட்டுக் கோழிகளை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். மனைவி வீட்டில் இருக்கிறாளா என்றும் பார்த்துவிடுங்கள்.