பாதிக் கரட்டில் உட்கார்ந்தவள்

மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்கு மலை ஏறத் தெரியும் என்று ஊர் உலகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை என் கல்யாணத்துக்காக நான் துஷ்பிரயோகம் செய்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டை. பல் விளக்க வெளியே வந்தால் எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கும். இருபத்தொன்பது வயது வரை அதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கியிருக்கிறேனே தவிர, ஏறியதில்லை. மேகமலைக்குப் போயிருக்கிறேன், பஸ்ஸில். (அதிலும் நாலாவது வளைவில் வாந்தி.) மற்றபடி கம்பத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஏறிய அதிகபட்ச உயரம் அந்தப் பள்ளியின் இரண்டாவது மாடி.

அப்போதுதான் முருகேசனின் ஜாதகம் வந்தது. கூடலூர்க்காரர். இத்தாலியில் பிரெஷியா என்ற ஊரில் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. முதல் தடவை போனில் பேசியபோது சமைக்கத் தெரியுமா, வேலையை விடுவாயா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஆனா நான் மலைக்குப் போயிருவேங்க. உச்சியில நின்னா கீழ இசேயோன்னு ஒரு ஏரி தெரியும், நடுவுல தீவு. ஒத்தையில பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு. கூட ஏற ஒரு ஆள் வேணும், அம்புட்டுத்தான். நீங்க மலை ஏறுவீகளா?"

எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. அதற்கு முன்பு ஏழு பேர் வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்' என்று கைகழுவிப் போயிருந்தார்கள். தனியாக எதையோ பார்த்துச் சலித்துப்போனதாக என்னிடம் சொன்ன முதல் ஆண்பிள்ளை இவர்தான். இவரை விட்டுவிடக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

"எங்களுக்கு மலைதானங்க எல்லாம். மேகமலைக்கே இருபது தடவ போயிருக்கேன்" என்றேன். (வார்த்தைக்கு வார்த்தை உண்மை.)

மனிதர் குளிர்ந்துபோனார். ஏரி தெரியும் உச்சிகளின் படங்களாக அனுப்பித் தள்ளினார். ஒரு படத்தில் உச்சியில் சிலுவை இருந்தது. அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குத்தான் போறாக. நல்ல பழக்கம்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

விடுப்பில் வந்தவர் போட்ட குண்டு இது: வீட்டில் வைத்துப் பெண் பார்க்க வேண்டாம், ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கரடு இருக்கிறது, உச்சிக்குப் போனால் வைகை அணைத் தண்ணீர் பூராவும் தெரியும், ஏறிக்கொண்டே பேசலாம். கரடு என்றால் எங்கள் பக்கம் மரம் மட்டை இல்லாத பாறைக்குன்று.

"மேல என்ன சாமி?" என்றார் அப்பா.

"சாமி எதுவும் இல்லப்பா."

"சாமி இல்லாத மலைய எதுக்கு ஏறணும்?"

அப்பாவின் அக்காதான் எங்கள் வீட்டில் உள்துறை, நிதித்துறை, அறநிலையத்துறை எல்லாம். அந்த அத்தை சொன்னது: "நல்ல காரியம் பேசப் போறோம். வெறும் மலையில ஏறி வெறுங்கையோட எறங்குனா வெளங்குமா?" சொன்னதோடு நிற்காமல் தேங்காய், பழம், வெற்றிலை, சூடம், சந்தனம், குங்குமம், ஒரு குடம் தண்ணீர் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றினார். சாமியைப் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

பெண் பார்க்கும் நாளில் பட்டுதான் என்றார் அத்தை. எனவே பச்சைப் பட்டு, அதற்குக் கீழே புது ஸ்போர்ட்ஸ் ஷூ. கணுக்காலுக்கு மேலே கல்யாணப்பெண், கீழே ஓட்டப்பந்தய வீராங்கனை.

அப்பா ஜீப்புக்குக் காவல் இருப்பதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். முருகேசன் முன்னால், நான் பின்னால், எனக்குப் பின்னால் அவருடைய அம்மா. குடத்தோடு அத்தை கடைசியில்.

முதல் பத்து நிமிஷம் நான் வாய் ஓயாமல் பேசினேன். அடுத்த பத்து நிமிஷம் 'ம்' கொட்டினேன். அதற்கப்புறம் மூச்சு மட்டும்தான் வந்தது, அதுவும் பஸ் ஏர்பிரேக் சத்தத்தில். நிற்பதற்குக் காரணம் வேண்டுமே. "இது என்ன செடிங்க?" என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் அது ஆவாரஞ்செடி. அறுபது வயது மாமியார் (வருங்காலம்) செருப்பில்லாமல், வெற்றிலையை மென்றுகொண்டே என்னைக் கடந்துபோனார். "மெல்ல வா ஆத்தா, நான் மேல இருக்கேன்."

பாதி தூரத்தில் தட்டையாக ஒரு பாறை வந்தது. உட்கார்ந்துவிட்டேன். முருகேசன் திரும்பி வந்தார்.

"இன்னும் இம்புட்டுத்தாங்க இருக்கு. ஏறிருவோமா?"

ஏறாவிட்டால் கல்யாணம் போச்சு. அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. "ஏறிருவோம்" என்று எழுந்தேன். கால்கள் என்னைக் கலந்தாலோசிக்காமல் மடங்கின. தொப்பென்று அதே பாறையில் விழுந்ததில் பட்டுச்சேலை முழங்காலிலிருந்து கீழே வரைக்கும் கிழிந்தது. அழுகை வந்துவிட்டது. சின்ன அழுகை இல்லை, கல்யாண வயதுப் பெண் அழக் கூடாத அழுகை.

"நான் மலையே ஏறுனதில்லங்க. மேகமலைக்குப் பஸ்லதான் போனேன். உங்களப் பிடிச்சிருந்துச்சு. அதான் பொய் சொன்னேன்."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இருபது தடவையும் பஸ்லயா?"

"ஒரு தடவ ஜீப்புல."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அங்கன மலையில, முடியலன்னு சொல்லாம கூட வர்ற ஆளக் கண்டாத்தான் எனக்குப் பயமே. அவுகதான் விழுந்து வைப்பாக. நீங்க சொல்லிட்டீக. ரெண்டு நிமிசம் முன்னாடி சொல்லிருந்தா சேல தப்பிச்சிருக்கும்."

பின்னால் யாரும் வராததால் அவருடைய அம்மா உச்சியிலிருந்து இறங்கி வந்தார். கீழிருந்து அத்தையும் குடத்தோடு வந்து சேர்ந்தார். நான் அழுதுகொண்டும் அவர் சிரித்துக்கொண்டும் இருப்பதைப் பார்த்து அத்தை, "என்னாச்சு?" என்றார்.

"இங்கனயே பேசி முடிச்சாச்சுங்கம்மா. எனக்குச் சம்மதம்" என்றார் முருகேசன்.

அத்தை என்னைப் பாறையிலிருந்து எழுப்பிவிட்டு, பாறையை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இதுதான் சாமி" என்றார். குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காயையும் உடைத்தார். வருங்கால மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உச்சி வரைக்கும் போயிப் பாத்துட்டேன் மதினி. மேல ஒண்ணுமே இல்ல" என்று வழிமொழிந்தார். வைகை அணைத் தண்ணீரை நான் பார்க்கவே இல்லை.

கல்யாணமாகி இப்போது பிரெஷியாவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறவும் செய்கிறேன். நான் உச்சியைத் தொடும்போது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் தேர்ந்துவிட்டேன்.

போன விடுப்பில் அந்தக் கரட்டுக்குப் போனோம். என் பாறைக்கு மஞ்சள் துணி சாத்தியிருந்தது. சூலம் நட்டு, வளையல் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கடமலைக்குண்டிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டி வந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தார். என்ன சாமி என்று கேட்டேன்.

"ரொம்பத் துடியான ஆத்தா. பச்சப் பட்டுக் கட்டுன கல்யாணப் பொண்ணாம். மாப்பிள்ளையத் தேடி மலை ஏறுனவ, காலு வராம இங்கனயே உக்காந்து உசுர விட்டுட்டாளாம். கல்யாணம் தட்டிப்போற பிள்ளைக இதுல உக்காந்து எந்திரிச்சா மூணே மாசத்துல முடிஞ்சிரும்."

முருகேசன் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏழு பேர் பஜ்ஜி தின்றுவிட்டுப் போன முகம் எனக்குத் தெரியும். பேசாமல் நானும் கையெடுத்துக் கும்பிட்டேன், அவளுக்காக.

"நீயும் உக்காந்து எந்திரி ஆத்தா, நல்லது" என்றார் அந்த அம்மா.

"வேண்டாங்கம்மா" என்றார் முருகேசன். "இவ உக்காந்தா எந்திரிக்க மாட்டா."

அந்த அம்மா என் கால்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு சூடம் ஏற்றினார்.