ஒத்தை மாஸ்டர்

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் யார் வீட்டில் எது ஜோடி குறைந்தாலும், அதன் ஜோடி ஒரே ஒரு மனுஷன் வீட்டில்தான் இருக்கும். எங்கள் ஷூ கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அவர். ஊர் வைத்த பேர் ஒத்தை மாஸ்டர்.

ஆளுக்கு என்ன குறைச்சல்? சொந்த வீடு, பள்ளிகொண்டாவில் தென்னந்தோப்பு, சம்சாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆனாலும் கை சும்மா இருக்காது. திருட்டையும் முழுசாகச் செய்ய மாட்டார். பேனா என்றால் மூடி மட்டும், செருப்பு என்றால் ஒரு கால், டிபன் கேரியர் என்றால் நடு அடுக்கு.

திருந்த அவர் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! பேன்ட் பாக்கெட்டுகளைக் கம்பெனி மெஷினிலேயே டபுள் தையல் போட்டு மூடினார். சர்ச்சுக்குப் போய் அழுது பாவமன்னிப்பு கேட்டார்; திரும்பும்போது பீடத்து மெழுகுவத்தி ஒன்று கூடவே வந்துவிட்டது. கடைசியில் வாட்ச்மேன் பாஷா பாயைப் பிடித்தார்.

"பாய், தினம் செக் பண்ணாம என்னை வெளிய உடாதே. கெஞ்சினாலும் உடாதே."

அன்றிலிருந்து சாயங்காலம் சங்கு ஊதியதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கேட்டில் நிற்பார். "இன்னிக்கு இன்னா ஐட்டம் மாஸ்டர்?" என்று டிபன் பாக்ஸைத் திறப்பார் பாய்.

நான் சாம்பிள் ரூம் கிளார்க், சேர்ந்து மூணே மாசம். வெளிநாட்டுப் பார்ட்டி கையெழுத்துப் போட்ட சாம்பிள் ஷூ எப்போதும் ஒரு காலுக்குத்தான் இருக்கும். ஜோடியாக வைத்தால் எவனாவது போட்டுக்கொண்டு போய்விடுவான், ஒத்தை ஷூவை எவன் திருடப்போகிறான் என்று கணக்கு. எங்கள் மாஸ்டரைத் தெரியாதவர்கள் போட்ட கணக்கு!

பார்ட்டி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இடது கால் சாம்பிளைக் காணோம். அதோடு ஒத்துப் பார்த்துத்தான் சரக்கை பாஸ் பண்ணுவார்கள்.

"காலைல அது வரலைன்னா நீ வீட்டுக்குப் போய்டு," என்றார் மேனேஜர். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாயிடம் ஓடி, மாஸ்டரைச் செக் பண்ணினாரா என்று கேட்டேன்.

"மாஸ்டரையா? பை, பாக்ஸ், இடுப்பு எல்லாம் தடவித்தான்பா அனுப்பினேன். ஒண்ணுமில்ல."

மறுநாள் வெள்ளைக்காரர் சாம்பிள் ரூமில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் திருடன் மாதிரி நிற்கிறேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் மாஸ்டர். வலது காலில் அவருடைய பழைய கறுப்பு ஷூ. இடது காலில் பளபளவென்று எங்கள் பிரவுன் சாம்பிள்!

"நான்தான் சார் போட்டுக்கினு போய்ட்டேன். பாய் எல்லாத்தையும் பாத்தார், காலைப் பாக்கல. பையன் மேல தப்பில்ல."

வெள்ளைக்காரர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊரெல்லாம் நடந்தும் தோலில் வெடிப்பில்லை என்று சிரித்துக்கொண்டே சரக்கை பாஸ் பண்ணிவிட்டார். என் வேலை தப்பியது. மாஸ்டர் வேலை போய்விட்டது.

"நைசா என் அலமாரில வெச்சிருக்கலாமே மாஸ்டர்?" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"வெச்சா உன்னைத்தாண்டா சொல்வானுங்க. சொல்லியே தீர்றதுன்னுதான் வந்தேன்."

கேட்டில் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். "இன்னிக்கு வேணாம் மாஸ்டர்," என்றார் பாய்.

"ஒப்புக்கினது ஒப்புக்கினதுதான். பாருய்யா."

பாய் பாக்ஸைத் திறந்தார். உள்ளே என் மேஜைக் கோந்து பாட்டிலின் மூடி. மாஸ்டர் முகம் செத்துப்போனது.

"அது அவருதுதான் பாய்," என்றேன்.

அதற்கப்புறம் ஏழு வருஷம் அங்கே இருந்தேன். திறந்தே கிடக்கும் கோந்து தினமும் காய்ந்துபோகும். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொள்வேன். வேறு பாட்டில் நான் கேட்கவே இல்லை.