கண்டக்டர் ஓட்டிய குட்டி டிராக்டர்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், முன்னாள் கண்டக்டர், இந்நாள் வெற்றி வீரன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். கொட்டகையில் மூன்று டிராக்டர்களும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். வலி குறைந்திருந்தால் மகிழ்ச்சி. குறையாவிட்டாலும் பாதகமில்லை, இந்தக் கடிதத்தை உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

ஓடிவிட்டது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாமாவின், அதாவது உங்கள் அப்பாவின், குட்டி டிராக்டர் ஓடிவிட்டது. உங்கள் கார் ஷெட்டில் பழைய மெத்தைகளுக்கு அடியில் இருபத்தாறு வருஷம் கிடந்ததே, பழைய இரும்புக்காரரை நீங்கள் வரச்சொன்ன அன்று நான் குறுக்கே நின்று ஏற்றிக்கொண்டு வந்தேனே, அதே வண்டி போன ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் கண்காட்சி மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் கயிறு கட்டி இழுக்கவில்லை. அதன் சொந்த எஞ்சின், அதன் சொந்தச் சக்கரம், மேலே நான்.

நீங்கள் போன வருஷம் எழுதிய கடிதம் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. "மாப்பிள்ளை, அடுத்த கண்காட்சியில் மைதானத்தை ஒரே ஒரு சுற்று அது தானாகச் சுற்றி வந்தால் வண்டி உங்களுக்கே. இல்லையென்றால் மறுநாள் காலை இரும்புக்காரர் உங்கள் வாசலில் நிற்பார்" என்று கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் முன்னால், உங்கள் பணி ஓய்வு விருந்தில், டிப்போக்காரர்கள் நாற்பது பேர் முன்னிலையில் நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. "எங்க மாப்பிள்ளைக்கு வண்டியோட பின்பாதிதான் தெரியும். முன்னாடி என்ன இருக்குன்னு ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருப்பாரா?" என்றீர்கள். ஒரே பஸ்ஸில் பதினெட்டு வருஷம் நீங்கள் ஓட்டினீர்கள், நான் டிக்கெட் கிழித்தேன், அந்த உரிமையில் சொன்னீர்கள் என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரை தாங்கவில்லை. என்னிடம் ஏற்கெனவே இரண்டு பழைய தோட்ட டிராக்டர்கள் இருக்கின்றன, புல் வெட்டவும் சின்னப் பாத்தி உழவும் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிகள், அவற்றைத் துடைத்துப் பெயின்ட் அடித்ததோடு சரி. ஒரு வண்டியை ஆணி வேர் வரை பிரித்து மாட்டியதில்லை. அந்த விருந்து அன்றுதான் முடிவு செய்தேன், மாமாவின் வண்டியைப் பிரித்தே தீருவது என்று.

பிரித்தது ஒன்றும் லேசான காரியமில்லை, கேளுங்கள். முதலில் எஞ்சின் இறுகிப்போயிருந்தது, பிஸ்டன் அசையவே இல்லை. மேலே எண்ணெயை ஊற்றிவிட்டுப் பதினோரு நாள் காத்திருந்தேன், தினமும் காலையில் போய் ஒரு தட்டுத் தட்டி நலம் விசாரிப்பேன், பன்னிரண்டாம் நாள் ஒரு மயிரிழை அசைந்தது. பெட்ரோல் டேங்கின் உள்ளே முழுக்கத் துரு. துருவை எடுக்க டேங்குக்குள் ஒரு கை நிறைய நட்டும் போல்ட்டும் போட்டு வினிகரை ஊற்றிக் குலுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எவ்வளவு நேரம் குலுக்குவது, எனக்கும் வயசாகிறதல்லவா, அதனால் டேங்கைப் பழைய போர்வையில் சுற்றி வாஷிங் மெஷினுக்குள் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். டேங்க் கண்ணாடி மாதிரி சுத்தமாகிவிட்டது. வாஷிங் மெஷின் மூன்று நிமிஷம் சமையலறையில் நடந்து போய்க் கதவருகே நின்றுவிட்டது. அதையும் நானே ரிப்பேர் செய்துவிட்டேன், இப்போது துணி துவைப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்கிறது. கார்புரேட்டரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தைப் பற்றி உங்கள் தங்கை உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பாள், அதனால் அதை இங்கே எழுதவில்லை. எஞ்சின் முதல் முறை உயிர் பெற்றபோது புகைக்குழாயில் இருந்த இருபத்தாறு வருஷக் கரியும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்து இரண்டு வெள்ளைப் போர்வைகளைக் காயப்போட்டிருந்தார்கள். இப்போது அவர்கள் எங்களோடு பேசுவதில்லை, ஆனால் அதற்கு முன்னாலும் பெரிதாகப் பேசியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸீட்டுக்கு அடியில் இருந்த கருவிப் பெட்டியைத் திறந்தபோது மாமாவின் கையுறைகள் இருந்தன. விறைத்துப்போய், விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வளைந்து கிடந்தன. உங்கள் தங்கை அதுவரை கொட்டகைப் பக்கமே வந்ததில்லை, இரும்பையும் என்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையுறைகளை வாங்கிக்கொண்டு போனாள், கழுவினாள், கொடியில் போட்டாள். மறுநாள் காலையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து, "எதைப் பிடிச்சுக்கணும்?" என்றாள். அன்றிலிருந்து டார்ச் பிடித்தது அவள்தான், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது அவள்தான். இந்த வண்டி இரும்புக்கடைக்குப் போனால் நான் வருத்தப்படுவேன். அவள் தாங்கமாட்டாள். இதை உங்களிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இனி கியர் பெட்டி. இங்கேதான் ஒரு கண்டக்டரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பிரித்த சாமான்களைப் பிஸ்கட் டப்பாக்களில் போட்டுக் குழப்பிக்கொள்வது சாதாரண ஆட்களின் வழக்கம். என்னிடம் செல்லாமல் போன பழைய டிக்கெட் கட்டுகள் நாலு மிச்சம் இருந்தன. கழற்றக் கழற்ற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு டிக்கெட்டைக் கிழித்து நூலால் கட்டினேன். வரிசை எண் ஏற்கெனவே அச்சடித்திருக்கிறதே, பேனாவுக்குக்கூட வேலை இல்லை. பின்பக்கத்தில் மட்டும் இடது, வலது என்று எழுதினேன். நூற்று நாற்பத்து மூன்று சாமான், நூற்று நாற்பத்து மூன்று டிக்கெட். மாட்டும்போது எண்ணைத் திருப்பி எண்ணிக்கொண்டே வந்தேன், ஒரு வாஷர்கூட மிஞ்சவில்லை. டிக்கெட் இல்லாமல் என் வண்டியில் எதுவும் ஏறியதில்லை, இதிலும் ஏறவில்லை. ரிவர்ஸ் கியரை மட்டும் திரும்ப மாட்டவில்லை, அதில் இரண்டு பல் உடைந்திருந்தது. மாற்றுப் பல்சக்கரம் எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் அதை இப்போதைக்கு எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். முன்னேறுகிறவனுக்கு ரிவர்ஸ் எதற்கு என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன், அவளும் ஒத்துக்கொண்டாள். கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம் பின்பக்கத்தைக் கட்டையில் தூக்கி நிறுத்தி, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டோம். சக்கரங்கள் ஜம்மென்று சுற்றின. கல்யாணம் ஆன நாளுக்கு அப்புறம் முதல் முறையாக உங்கள் தங்கை எனக்குக் கை கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மொத்தம் பதினோரு வண்டிகள், நான் கடைசி இடம். எனக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பல் டாக்டர், சிவப்பு டிராக்டர், மனுஷர் என்னைப் பார்த்து, "உங்க வண்டிக்கு எண்ணெய் போட்டீங்களா, இல்ல தண்ணியே போதுமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கொடி அசைந்தது. எல்லாரும் கிளம்பினார்கள், பல் டாக்டர் மட்டும் கிளம்பவில்லை, அவர் வண்டி ஒரு தும்மல் போட்டு நின்றுவிட்டது. நான் கியரைப் போட்டேன், கிளட்சை விட்டேன், வண்டி நகர்ந்தது. நகர்ந்த கணத்தில் எனக்குச் சற்று ஆச்சரியம் ஏற்பட்டது உண்மை. ஆனால் முப்பத்தொரு வருஷ சர்வீஸ் எதற்கு இருக்கிறது, ஒரு நொடிதான், சமாளித்துக்கொண்டேன். மற்றவர்களைப் போல நேராகக் கிளம்பாமல் நான் மட்டும் ஒரு பெரிய அரைவட்டம் அடித்துத் தொடங்கினேன். கூட்டம் எழுந்து நின்றது. பல் டாக்டரைத் தாண்டினேன்.

அப்புறம் நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். உங்கள் தங்கை ஓடிவந்து வண்டியோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள், மைதானம் முழுக்க ஒரு சுற்று, "வாங்க, வாங்க, அப்படியே வாங்க" என்று கை அசைத்தபடியே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை இவ்வளவு அன்பாக எங்கேயும் கூப்பிட்டதில்லை. பல் டாக்டர் ஒருவழியாகக் கிளம்பி எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். வழி முழுக்க அவர் வாய் திறந்தபடியே இருந்தது, மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்லியே பழக்கப்பட்டவரை நான் அப்படிப் பார்த்தது அன்றுதான். கூட்டத்தில் ஒருவர்கூட முன்னால் போன ஒன்பது வண்டிகளைப் பார்க்கவில்லை, அத்தனை கண்ணும் என்மேல். ஒரு கொடிக்கம்பம் மட்டும் சாய்ந்தது, அது ஏற்கெனவே சாய்கிற நிலையில்தான் இருந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி எஞ்சினை நிறுத்தினேன். நடுவர் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இருபது வருஷமா இந்த மைதானத்துல உட்கார்ந்திருக்கேன். இப்படி ஒரு ஓட்டத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் ஓட்டிக் காட்டினதில்லை" என்றார். சிறப்புச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து என் கழுத்து இடது பக்கம் திரும்பமாட்டேன் என்கிறது, தலைநிமிர்ந்து நின்றதால் இருக்கும்.

ஆகையால், ஐயா, நீங்கள் செய்ய வேண்டியவை இவை. வண்டி எனக்குத்தான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இரும்புக்காரரிடம் வேறு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வு பெற்றவர்கள் அடுத்த முறை டிப்போவில் கூடும்போது, நாற்பது பேர் முன்னிலையில், கண்டக்டருக்கும் வண்டியின் முன்பாதி தெரியும் என்று வாயாரச் சொல்லுங்கள். இனி டிராக்டர் விஷயத்தில் உங்கள் ஆலோசனை எனக்குத் தேவைப்படாது. தேவைப்பட்டால் நானே சொல்லி அனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் இருவர் ஆசியும், மூன்று டிராக்டர்களின் ஹாரன் ஒலியும். உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

என்றும் தலைநிமிர்ந்து,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் தங்கையிடம் ஒட்டக் கொடுத்தேன். படித்துவிட்டு, விட்டுப்போனதையும் எழுதினால்தான் தபாலில் போடுவேன் என்று உறையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறேன். வண்டி மைதானத்தைச் சுற்றி வந்தது உண்மை. முழுச் சுற்றும் பின்பக்கமாகவே வந்தது. கியர் பெட்டியில் உள்ள பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன், அப்படி மாட்டினால் முன்னால் போகிற மூன்று கியரும் பின்னால் போகும், ரிவர்ஸ் மட்டும்தான் முன்னால் போகும். அந்த ரிவர்ஸைத்தான் நான் எடுத்து ஓரமாக வைத்துவிட்டேனே. டிக்கெட்டின் மேல் தப்பில்லை. பிரிக்கும்போது எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இடது, வலது எழுதியிருக்கிறேன், முப்பத்தொரு வருஷமும் பஸ்ஸில் அப்படித்தானே நின்றேன். மாட்டும்போது புத்தகத்தில் போட்டபடி டிரைவர் ஸீட்டுப் பக்கமாக உட்கார்ந்து மாட்டினேன். கட்டையில் நிறுத்திப் பார்த்தபோது சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தோமே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று இருவருமே பார்க்கவில்லை. உங்கள் தங்கை வழி முழுக்க வாங்க வாங்க என்றது அன்பினால் அல்ல, நான் எதன்மேலும் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. அவள் சொன்ன இடது அவளுடைய இடது என்பது கொடிக்கம்பம் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆக, பணி ஓய்வு விருந்தில் நீங்கள் சொன்னதை நான் ஊரறிய நிரூபித்திருக்கிறேன். டிப்போவில் நீங்கள் எதையும் வாபஸ் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை நாங்கள் இருவரும் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டோம். சுற்றி வந்தால் என்றுதான் இருக்கிறது, எந்தப் பக்கமாக என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் தங்கை உங்களுக்கு எழுதச் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அப்பா வண்டியை எங்ககிட்டயே விட்டுடுங்க."

வருகிற சனிக்கிழமை கியர் பெட்டியை மறுபடி பிரிக்கிறோம். வண்டியின் முன்பாதி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். முழங்காலைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வந்து சேருங்கள். கையுறைகள் துவைத்து வைத்திருக்கிறது, உங்கள் கைக்குச் சரியாக இருக்கும் என்கிறாள். முதல் ஓட்டம் நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் நின்று ரைட் கொடுக்கிறேன்.