ஐம்பதிலேயே நின்ற ஈரம்

அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு நாளாக வேலை நடக்கவில்லை, தரிசனம் நடந்தது. 'காற்று மகான்' என்று பேரெடுத்த சாமியார் கொண்டுவந்து வைத்த பச்சைப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள, மாடிப்படிவரை வரிசை. பெட்டியின் முகத்தில் 50 என்று பளிச்சென்று ஓர் எண். காற்றில் ஈரம் ஐம்பது சதவீதமாம். உள்ளே இருக்கும் கல் காற்றின் கர்மவினையைக் கழுவுகிறதாம்!

விஷயம் இதுதான். கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு, அறைக் காற்றில் ஈரம் அறுபதைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்திருப்பவருக்குப் புழுக்கம் கூடாது. இங்கேயோ சுவரெல்லாம் பூஞ்சணம். கணக்குப் பிரிவு அம்மாவுக்கு இழுப்பே வந்துவிட்டது.

"ஏசியில தண்ணி போற குழாய் அடைச்சிருக்கு சார். ஒரு நாள் நிறுத்துங்க, சுத்தம் பண்ணிடறேன்" என்று ஏசி மெக்கானிக் அக்கா மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மேனேஜர் காதில் ஏறவில்லை. மகான் சொன்னது மட்டும் நேரே மூளைக்குப் போனது. காலி இடம் அல்லவா, தாராளமாக உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் சான்றிதழ்க்காரர்கள் வருகிறார்கள். கடைசி ஆசி வழங்க மகான் வந்திருந்தார். அக்கா ஈரம் அளக்கும் தன் கையடக்க மீட்டரை நீட்டினார். எழுபத்தெட்டு!

"அது ஜட மீட்டர். இது ஞான மீட்டர்" என்றார் மகான். கைதட்டல்.

"சரிங்க சாமி. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாத்துடலாமே?"

அக்கா ஒரு துண்டைச் சொட்டச் சொட்ட நனைத்தார். துண்டு, மீட்டர், பச்சைப் பெட்டி, மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினார். பத்து நிமிடம். மீட்டர் தொண்ணூற்று நான்கு. பெட்டி அதே ஐம்பது.

மகான் அசரவில்லை. "பாத்தீங்களா! பைக்குள்ள இருந்த ஈரத்தையே என் கல் குடிச்சிடுச்சு!"

மறுபடி கைதட்டல். வெட்கம் கெட்ட கைகள்!

"ரொம்ப சந்தோஷம். அப்ப துண்டு காஞ்சிருக்கணுமே? பிழிஞ்சு காட்டுங்க."

மகானின் கண் லிஃப்ட் பக்கம் போனது. கணக்குப் பிரிவு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தானே துண்டை எடுத்து முறுக்கினார். மகானின் வெள்ளை ஷூ நிறையத் தண்ணீர்.

அக்கா திருப்புளியால் பெட்டியைத் திறந்தார். ஒரு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, 50 என்று வெட்டிய அட்டை, மீன் தொட்டியில் போடும் கூழாங்கல் ஒன்று. அவ்வளவுதான் ஞானம்! நிமிர்ந்தபோது மகானைக் காணோம். காற்றோடு கலந்துவிட்டார்.

"நான் மூச்சு விட முடியாம தவிச்சேன் சார்" என்றார் கணக்குப் பிரிவு அம்மா. "நீங்க கூழாங்கல்லை நம்புனீங்க."

மேனேஜர் சான்றிதழ்க்காரர்களுக்குச் சோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதினார்; ஏசியை நிறுத்தினார்; அக்கா குழாயைக் குத்தியபோது பக்கெட்டைத் தானே பிடித்துக்கொண்டார். கறுப்பாகச் சேறு கொட்டியது. ஒரு வாரத்தில் மீட்டர் ஐம்பத்தாறு காட்டியது. அந்த அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டார்.

ஆனால் மேனேஜருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"ஏம்மா, அந்தப் பெட்டிகிட்ட நின்னப்ப மட்டும் உடம்பு குளுகுளுன்னு இருந்துச்சே, அது எப்படி?"

அக்கா மேலே கைகாட்டினார். "உங்க தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு சார்."

கும்பிடக் குனிந்த தலைகளே, கொஞ்சம் நிமிர்ந்தும் பாருங்கள்!