கண்ணாடிக்கடைக்காரர் செய்த பெட்ரோல் டேங்க்

கண்ணாடிக்கடைக்காரர் தன் கார் சாவியைக் கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார். கடவுள் கேட்கவில்லை. மனைவிதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எடுத்த லைசென்ஸ் வருஷக்கணக்காகக் கைப்பையில் தூங்குகிறது. கேட்கும்போதெல்லாம், "பழைய வண்டி. அதோட மனசு எனக்குத்தான் தெரியும்" என்பார். மனசு தெரிந்தவருக்கு அதன் வயிறு ஓட்டையானது தெரியவில்லை. ஒருநாள் காலையில் வாசலெல்லாம் பெட்ரோல் வாடை.

அந்த வண்டிக்கு டேங்க் இப்போது யாரும் செய்வதில்லை. "நானே செய்யறேன்" என்று அறிவித்தார். அவருக்குத் தெரிந்த தொழில் முகம் பார்க்கும் கண்ணாடியை அளந்து வெட்டிச் சட்டம் போடுவது. அளவு அளவுதானே, கண்ணாடியானால் என்ன, தகரமானால் என்ன?

பழைய டேங்கைக் கழற்றி, வாடை போகும்வரை தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்தார். அப்படியே வெல்டரிடம் கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். ரம்பத்தை எடுத்து அறுத்தார். மனைவியும் தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"நடுவில எதுக்குங்க தடுப்பு? அதுல ஓட்டை வேற?"

"வண்டி திரும்பும்போது பெட்ரோல் மொத்தமா ஒரு பக்கம் போய் மோதக்கூடாதுல்ல. ஓட்டை வழியா மெதுவாத்தான் போகும்."

"இந்த மிதவை?"

"எவ்வளவு பெட்ரோல் இருக்குன்னு முள்ளுக்குச் சொல்லும்."

"அட" என்றாள். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். தனக்கு இவ்வளவு தெரிந்திருப்பதில் அவருக்கு அதைவிட ஆச்சரியம். இருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், துருப்பிடித்த டேங்க் பொலபொலவென்று உதிர்ந்து, மிதவை மட்டும் மிஞ்சியது. மாதிரி போயே போச்சு.

அவர் அசரவில்லை. பெரிய அட்டையோடு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, அடித்தட்டோடு அதை அழுத்திப் பிடித்து, திருகு வரும் இடம், புகைக்குழாய்க்கு வழிவிட ஒரு மூலையில் வெட்டு, பெட்ரோல் ஊற்றும் வாய் எல்லாவற்றையும் வரைந்தார். மனைவி விளக்குப் பிடித்தாள். கண்ணில் விழுந்த மண்ணோடு வெளியே வந்து, அட்டையைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, வரைந்த பக்கத்தில் 'மேல்பக்கம்' என்று பெரிதாக எழுதினார்.

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது நல்ல பக்கமா, உள்பக்கமா?"

"என்னது?"

"துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினா வலது கை இடது கையாயிடும். அதான் கேட்டேன்."

"டேங்குக்கு ஏது கை? நீ போய்ச் சட்டையைத் தை."

"கீழ படுத்துக்கிட்டு அண்ணாந்து பார்த்து வரைஞ்சீங்களே..."

"எப்படி வரைஞ்சா என்ன, அளவு மாறிடுமா? கச்சிதமா உட்காரும் பாரு. உட்காரலைன்னா சாவி உன்னோடது."

"நிஜமாவா?"

"எழுதித் தரட்டுமா?"

"வேணாம். சொன்னதே போதும்" என்று அவள் மிஷினுக்குப் போய்விட்டாள். எந்த வாதத்தையும் அவள் இவ்வளவு சுலபமாக விட்டதில்லை. ஜெயித்த மயக்கத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

பட்டறைக்குப் போனதும் 'நானே செய்யறேன்' என்பது 'நானே பக்கத்துல நிக்கறேன்' என்று சுருங்கியது. வெல்டர் தகரத்தை வெட்டி, மடக்கி, தடுப்பு வைத்து, பற்றவைத்தார். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை. கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் வீட்டு வாசலில் வெல்டர் வண்டிக்கடியில் புகுந்து டேங்கைத் தூக்கிப் பிடித்தார். புகைக்குழாய் ஒரு பக்கம் இருந்தது, டேங்கில் வெட்டு மறுபக்கம் இருந்தது. பெட்ரோல் ஊற்றும் வாய் சம்பந்தமில்லாத சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குப்புறக் கவிழ்த்தால் பொருந்தியது. ஆனால் பெட்ரோல் தீர்ந்ததும் முள் 'நிறைய இருக்கு' என்று காட்டும்.

"அண்ணே, இது உங்க வண்டிக்கு இல்ல" என்றார் வெல்டர். "கண்ணாடியில தெரியுற வண்டிக்குச் செஞ்ச டேங்க்."

கடைக்காரர் குனிந்து இன்னொரு முறை பார்த்தார். வண்டி இனி ஓடாது என்று நினைக்கவே அவரால் முடியவில்லை. சாவியை மனைவி கையில் வைத்தார். "டேங்க் இல்லாத வண்டிக்குச் சாவி. நல்லா வச்சுக்கோ."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெல்டரைப் பார்த்தாள். "தம்பி, அதை எடுத்துட்டு வாங்க."

வெல்டர் தன் வேனிலிருந்து இன்னொரு டேங்கை இறக்கினார். அதே தகரம், அதே அளவு, வெட்டு மட்டும் சரியான மூலையில்.

"இது எப்படி?"

"உங்க அட்டைதான். நீங்க குளிக்கப் போனப்ப, அதைத் திருப்பிப் போட்டு ஒண்ணு வரைஞ்சு தம்பிகிட்ட குடுத்தேன்."

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. சட்டையைத் தைக்கச் சொன்னீங்க."

அவர் வெல்டரை முறைத்தார். "நீயும் கூட்டா?"

"அண்ணன் ஆசையாச் செய்யறாரு, கெடுத்துடாதீங்கன்னு அக்காதான் சொன்னாங்க."

மிதவையை மாற்றிப் பொருத்தினார்கள். டேங்க் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் உட்கார்ந்தது. பெட்ரோல் ஊற்றியதும் வண்டி ஒரே திருப்பில் உறுமியது. மனைவி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு வழி சொல்லும் பொறுப்பாவது மிஞ்சியதே என்று அவர் சுற்றிவந்து முன்கதவைத் திறக்கப் போனார்.

"பின்னாடி ஏறுங்க. முன்னாடி உங்க டேங்கு உட்கார்ந்திருக்கு, பழைய இரும்புக் கடையில இறக்கி விடணும்."