பள்ளிப் பாதுகாப்புக்கு நான் விளைவித்த ஆபத்து

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அத்தானின் முழங்கால் வலி தேவலையா? எட்டு மாதமாக ஒரு போன்கூடப் பண்ணாதவன் திடீரென்று முழங்காலை விசாரிக்கிறானே, என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று நீ நினைப்பாய். நினைப்பது சரிதான்.

முதலில் பழைய குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ தலைமையாசிரியையாக இருக்கும் அரசுப் பள்ளியில், பெற்றோர் கூட்டத்தில், அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து, "இங்க பிள்ளைங்களை அனுப்புறதும் நடுரோட்டுல விடுறதும் ஒண்ணுதான்" என்றேன். மேடையில் இருந்த நீ தண்ணீர் குடித்தாய். நான் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. பின்சுவர் இடிந்து கிடந்தது, நாய்கள் வகுப்பு வரைக்கும் வந்தன, பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. என் மகள் அங்கே போக வேண்டிவருமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், மதியத்துக்கு மேல் பாடத்தில் மனசு வைக்க முடியாமல், மணி எப்போது அடிக்கும் என்றே உட்கார்ந்திருந்தாள். ஆனால் இதற்காக நீ பதினாலு மனு எழுதியதும், எல்லாவற்றுக்கும் மேலிடம் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதிலை அனுப்பியதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினேன். கைதட்டினார்கள், அக்கா. அந்தச் சத்தம் என்னைக் கெடுத்துவிட்டது. மறுநாளே டி.சி. வாங்கினேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். ஆபீஸ் ஆபீஸாகப் போய்த் தீயணைக்கும் சிலிண்டர்களின் முள் பச்சையில் நிற்கிறதா, கைப்பிடியைப் பூட்டும் 'பின்' இருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்று பார்த்துச் சீட்டு ஒட்டுகிறவன். இருபது வருஷம் இதையே செய்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்றிக்கொள்ளும் போலத்தான் இருக்கும். அதனால் தனியார் பள்ளி பார்க்கப் போனபோது, பாடம் எப்படி நடத்துவீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. சிலிண்டர்களைப் பார்த்தேன். எல்லாம் புதுசு. வாசலில் இரண்டு காவலாளிகள், வகுப்புக்கு ஒரு கேமரா, அதைப் பெற்றோர் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு அதுவே வேலையாகப் போயிற்று. ஏதாவதொரு ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, மூன்றாம் பெஞ்சில் தெரியும் மகளின் தலையைப் பார்ப்பேன். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், பதினொன்றேகாலுக்கு ஏன் கொட்டாவி விட்டாய், டீச்சர் கேட்டபோது ஏன் கையைத் தூக்கவில்லை, பக்கத்துப் பெண்ணிடம் என்ன சிரிப்பு என்று விசாரணை. மாதத்துக்கு மாதம் மார்க் இறங்கியது. சுவர் நல்ல சுவர், தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள், பிள்ளைக்கு மட்டும் ஏன் படிப்பு ஏறவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் இன்னும் கூடுதலாகப் பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கணக்குப் பரீட்சை. பத்து மணிக்குத் திரையைத் திறந்தால் மூன்றாம் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பெற்றோர் அட்டை வீட்டில் இருந்தது. அட்டை இல்லாமல் யாரையும் விட முடியாது என்று காவலாளி சொல்லிவிட்டார். சேர்க்கும்போது இந்தக் கண்டிப்பைப் புகழ்ந்து நான் எழுதிக்கொடுத்த கடிதம் அவருக்குப் பின்னால்தான் ஒட்டியிருந்தது. திரும்பிப் போய், வண்டியிலிருந்த கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கி, ஒரு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, செக்கிங் என்றேன். கதவைத் திறந்துவிட்டு, பார்த்துப் போங்க என்றும் சொன்னார்.

அவளுடைய ஏழாம் வகுப்பு ஜன்னலருகே எக்கி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு டீச்சர், "யாருங்க நீங்க?" என்றார். திரும்பின வேகத்தில் சிலிண்டரின் அந்தப் பூட்டு 'பின்' ஜன்னல் கம்பியில் மாட்டிக் கழன்றது. விழாமல் இருக்கட்டும் என்று பிடித்த பிடி கைப்பிடியிலேயே அழுந்திவிட்டது. நடை முழுக்க வெள்ளைத் தூள். யாரோ அபாய மணியை அடித்தார்கள். அறுநூறு பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு மேசைக்கு அடியில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். விடைத்தாள்கள் மேசைக்கு மேலே இருந்தன. பரீட்சை ரத்து.

என் மகள் கடைசி பெஞ்சில் இருந்திருக்கிறாள். பரீட்சைக்கு வரிசை எண்படி உட்காரவைப்பார்களாம். பிரின்சிபால் அறைக்கு அவளைக் கூட்டிவந்து, "இவர் யாருன்னு தெரியுதாம்மா?" என்று கேட்டார்கள். தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அப்பா" என்றாள். தெரியாமல் தயங்கவில்லை அக்கா, தெரிந்துதான் தயங்கினாள்.

அவளை அனுப்பிய பிறகு வகுப்பாசிரியை கோபமே இல்லாமல் ஒன்று சொன்னார். "லேப்ல உங்க பொண்ணு கேள்வி மேல கேள்வி கேப்பா சார். அங்க கேமரா கிடையாது. கிளாஸ்ல ஒரு பதில் சொல்லணும்னாக்கூட, முதல்ல கேமராவைப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பா."

உன் பள்ளியில் அவள் நாய்க்குப் பயந்தாள், இங்கே எனக்குப் பயந்திருக்கிறாள். பயந்த பிள்ளைக்கு எந்தப் பள்ளியிலும் படிப்பு ஏறாது என்பது இப்போதுதான் உறைக்கிறது. அங்கே நாயை விரட்ட ஓர் ஆயாவாவது இருந்தாள்.

நான் கத்திவிட்டுப் போன அதே வாரம், ஒரு சனிக்கிழமை, நீயே ஸ்குரூடிரைவரோடு நின்று அந்தத் தாழ்ப்பாளைப் போட்டாய் என்று உன் பள்ளி வாட்ச்மேன் சொன்னார். சுவரும் எழுந்துவிட்டதாமே. இருபது வருஷமாகக் கருவி தூக்குகிறவனுக்கு அந்தப் புத்தி வரவில்லை. என்னை மன்னித்துவிடு. என் மகளை மறுபடி உன் பள்ளியிலேயே சேர்த்துக்கொள். டி.சி.க்கு நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று வாழ, பாதுகாப்பான தூரத்திலிருந்து வாழ்த்தும்,

உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மகள் இதைப் படித்துவிட்டாள். மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, "அங்கிருந்து மாத்தினப்பவும் என்னைக் கேக்கல, இப்பவும் கேக்கலையேப்பா" என்றாள். அவளுக்கு இப்போது இந்தப் பள்ளிதான் வேண்டுமாம். கேமரா பார்க்கும் வசதியை என் கைபேசியிலிருந்து அவளே எடுத்துவிட்டாள். ஆகவே மேலே கேட்ட இடம் வேண்டாம், டி.சி. மனுவை நாளைக்கு நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்பையும் தபாலில் கேட்கக் கூடாதாம், அத்தையை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எனவே இந்தக் கடிதம் உனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.