ஏன் அக்கா ரீஸ்டார்ட் செய்யமாட்டார்

நெய்வேலி வெயிலையே வழிமறித்து, 'ஏன்டா இப்படிக் காயறே?' என்று கேட்கக்கூடிய ஒரே ஜீவன் எங்கள் ஏன் அக்காதான். மந்தாரக்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீஸ். மைன்ஸுக்குப் போகிற ஆட்களுக்கு கேட் பாஸ் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. பக்கத்து நாற்காலியில் கொட்டாவி விடுவது என் வேலை.

ஆபீஸில் மின்விசிறி நின்றால் நாங்கள் பேப்பரால் விசிறிக்கொள்வோம், அக்கா 'ஏன்?' என்று ஸ்டூலில் ஏறிவிடுவார். டீயில் சர்க்கரை குறைந்தால் கடைக்காரருக்கு விசாரணை உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டதும் அவர்தான். அதனால் அது தும்மினாலும் மேனேஜர் அவரைத்தான் முறைப்பார்.

ஒரு வாரமாக அது தும்மவில்லை, ஓலமிட்டது. உள்ளே ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். மவுஸை இன்று நகர்த்தினால் அம்பு நாளைக்குப் போய்ச் சேரும். ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சமர்த்தாக இருக்கும். அப்புறம் மறுபடி மாவு மில்.

அன்று இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். பாஸ் வரவில்லை.

"யக்கா, பஸ்ஸு வந்துகினு இருக்குதுக்கா!" என்று கம்மாபுரத்துக்காரர் ஒருவர் கத்தினார். பஸ் போனால் அன்றைய வேலையும் போச்சு.

மேனேஜர் பவர் பட்டனை நோக்கிக் கையை நீட்டினார். அக்கா டிபன் பாக்ஸைக் குறுக்கே வைத்தார்.

"தொடாதீங்க சார். அணைச்சா திருடன் தப்பிச்சிடுவான்."

"ஆளுங்க நிக்கிறாங்கம்மா!"

"தினம் நிக்கிறாங்க, தினம் அணைக்கிறோம். ஏன் சூடாவுதுன்னு யாராச்சும் கேட்டோமா?"

கறுப்புத் திரையைத் திறந்து 'டாப்' என்று தட்டினார். எந்த ப்ரோக்ராம் ப்ராசசரை எவ்வளவு தின்கிறது என்று அது காட்டும். தின்றுகொண்டிருந்தது பாஸ் அடிக்கும் ப்ரோக்ராம் இல்லை, திரையின் முகப்பான டெஸ்க்டாப்பேதான். உடனே அதில் ஒட்டியிருந்த அலங்காரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். முதலில் நான் ஆசையாய் வைத்திருந்த, மழை கொட்டிக்கொண்டே இருக்கும் படம். "உன்னுதாத்தான் இருக்கும்டா." ஃபேன் அடங்கவில்லை. அடுத்து, மேனேஜருக்காக ஓடிக்கொண்டிருந்த செய்தி வரி. அதற்கும் அடங்கவில்லை.

மிஞ்சியது திரையின் மேல் மூலையில் துடித்துக்கொண்டிருந்த ஒரு சின்ன மீட்டர். ப்ராசசர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுவது. அக்காவே தேடிப் பிடித்து வைத்தது; பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் தயங்கினார். நிறுத்தினார்.

மாவு மில் நின்றது. பிரிண்டரிலிருந்து பாஸ்கள் விழ ஆரம்பித்தன.

"அப்ப உன் மீட்டர்தானாம்மா?" மேனேஜருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"போன வாரம் அப்டேட் வந்துச்சே, அது மேல பழியப் போட்டுடுக்கா" என்று நான் கிசுகிசுத்தேன்.

அக்கா எழுந்து நின்று, வாசல் வரை கேட்கும்படி சொன்னார்: "என்னுதுதான் சார். வச்சது நான்தான். ஆனா, நீங்க சொன்ன மாதிரி அணைச்சுக்கினே இருந்தா இது தெரிஞ்சிருக்குமா?"

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆட்கள் பாஸோடு பஸ்ஸைப் பார்த்து ஓடினார்கள்.

டீ நேரத்தில்தான் கவனித்தேன். காலியான அந்த மூலையையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். என் போண்டாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.